தரங்கம்பாடி முதல் டோனாவூர் வரை: அத்தையோடு ஒரு லெந்துப் பயணம்

திங்கள், தரங்கம்பாடி

மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, தரங்கம்பாடி பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் அத்தை கேட்டார்: “ஏல, ஊர் ஊராச் சுத்துனா ஆண்டவர்மேல பிரியம் வந்துருமாக்கும்?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அத்தை பாளையங்கோட்டைக்காரர், அப்பாவின் அக்கா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவரை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். நேராகத் திருநெல்வேலி ரயிலில் ஏறிவிடாமல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள்தானே, லீவு போட்டுச் சுற்றுவழியில் போகலாம் என்றது நான்தான்.

“ஆண்டவரோடு உனக்குத் தனிப்பட்ட உறவு இருக்கிறதா?” என்ற கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஞாயிறு பள்ளியில் கேட்பார்கள், வாலிபர் கூடுகையில் கேட்பார்கள், கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் ராத்திரி, கீபோர்டு மெதுவாக இழைந்துகொண்டிருக்கும்போது கட்டாயம் கேட்பார்கள். கண்ணீரோடு கை தூக்குவோம். அப்புறம் திங்கட்கிழமை வரும். அந்தத் திங்கட்கிழமை காலையில் உறவை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று பந்தலில் யாரும் சொன்னதில்லை. என் ஜெபம் வர வர வேண்டுகோளாகவே சுருங்கிவிட்டது: பையனின் பரீட்சை, வீட்டுக் கடன், அம்மாவின் சுகர். ஆமென் சொல்லி எழுந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமைகளைச் சரியாகக் கழித்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்கள் இருந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “பாப்போம் அத்தை” என்றேன். அவர் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டினார்.

சீகன்பால்க் இங்கே கரையிறங்கியது 1706 ஜூலை 9. உடன் வந்தவர் புளுட்சோ. டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள், இருபதுகளில் இருந்த வாலிபர்கள். அவர்களை இந்தக் கரையில் யாரும் வரவேற்கவில்லை, டேனிஷ்காரர்களே வரவேற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கோட்டைத் தளபதி சீகன்பால்கைப் பிடித்து நாலு மாதம் சிறையில் வைத்தார். அந்த டேன்ஸ்பார்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்குள் போய் வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றினோம். அத்தைக்குக் கோட்டையில் அக்கறை இல்லை, கடலில்தான்.

எனக்குப் பிடித்தது சீகன்பால்கின் நேர அட்டவணை. தமிழ் படித்த காலத்தில் ஒரு நாளை எப்படிக் கழித்தார் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை படித்த சொற்களைத் திரும்பச் சொல்வது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்ச் சுவடிகள் மட்டும். சாப்பிடும்போது ஒருவர் வாசிக்க, கேட்டுக்கொண்டே சாப்பிடுவது. பிற்பகல் மறுபடி வாசிப்பு. இருட்டியபின் கண்ணுக்கு ஓய்வு வேண்டுமே, அதனால் யாராவது வாசிக்கக் காதால் கேட்பது. அதற்கும் முன்னால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகியவர் அவர். 1715க்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதற்கு இந்த அட்டவணைதான் காரணம்.

அவர் படித்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார் ஞாயிறு ஆராதனையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அல்லர். வீட்டில் வேதத்தைத் திறந்து, தனியாகவும் சிறு கூட்டமாகவும் வாசித்து, மனதோடு ஜெபிக்க வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்தியது. “தனிப்பட்ட உறவு” என்று இன்றைக்குப் பந்தலில் கேட்பதன் வேர் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அந்த உறவுக்கு அவர்கள் மணிக்கணக்கு வைத்திருந்தார்கள். நாம் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கை விட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

மன்னர் வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1718. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் டேனிஷ் அரசரின் கிரீட முத்திரை. திறந்து ஒரு வருஷம் முடிவதற்குள், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்துபோனார். உள்ளேதான் அடக்கம். அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “சின்னப் பையன்ல” என்றார்.

செவ்வாய், தஞ்சாவூர்

தஞ்சாவூரில் எல்லோரும் பெரிய கோயிலுக்குப் போவார்கள். நாங்களும் போனோம், கல்லைப் பார்த்தோம், கால் சுட்டது, வந்துவிட்டோம். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவை ஒட்டி சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயம் இருக்கிறது. உள்ளே இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், பக்கத்தில் சரபோஜி மன்னர். இந்து அரசர் ஒருவர் தன்னை வளர்த்த மிஷனரிக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. சுவார்ட்ஸ் இறந்தது 1798இல்.

சுவார்ட்ஸ் வளர்த்த இன்னொரு பிள்ளைக்காகத்தான் தஞ்சாவூர் வந்தோம். வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுவாக்கில் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்குக் கூட்டிவந்தார். சரபோஜியும் இவரும் ஒரே குருவின் மாணவர்கள். 1864 வரை இருந்தவர், தொண்ணூறு வயதை நெருங்கும் வரை பாடிக்கொண்டே இருந்தார்.

எங்கள் சபைகளில் கீர்த்தனைப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். அத்தைக்கு அதைப் பார்த்தாலே குரல் கிளம்பிவிடும். ஆலயத் திண்ணையில் உட்கார்ந்து சாஸ்திரியாரின் பாட்டு ஒன்றை முழுதாகப் பாடினார். காவலுக்கு இருந்தவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இப்போது பல சபைகளில் திரையில் வரிகள் ஓடுகின்றன, ராகத்தின் பெயர் ஓடுவதில்லை. அது எனக்கு ஒரு குறைதான். இளையவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இன்றைக்குத் தூங்க முடியாது. குறவஞ்சியின் கதை நமக்குப் பழக்கம். தலைவன் உலா வருவான். பந்தடித்துக்கொண்டிருக்கும் தலைவி பார்ப்பாள், மயங்குவாள். அவன் போய்விடுவான். அவள் நிலவைத் திட்டுவாள், தென்றலைத் திட்டுவாள். குறத்தி வந்து கை பார்த்து, அவன் உனக்குத்தான் என்பாள். அதே தஞ்சையில், அதே காலத்தில், சரபோஜியைத் தலைவனாக்கி ஒரு குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. சாஸ்திரியாரின் தலைவனோ பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, சீயோனின் மகள். விசுவாசம்தான் குறத்தி. நடுவில் பூகோளம், வானசாஸ்திரம், சூரியனைச் சுற்றும் பூமி எல்லாம் வரும். வாத்தியார் அல்லவா, சும்மா விடுவாரா?

யோசித்துப் பார்த்தால், குறவஞ்சியில் தலைவனைக் கண்ணால் பார்க்கும் இடம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவன் இல்லாத நேரம். காதல் வளர்வதும் அந்த நேரத்தில்தான். ஆண்டவரின் பிரசன்னத்தை உணராத நாளெல்லாம் வீண் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. “ஜெபத்துல ஒண்ணுமே தோணலை” என்று எத்தனை பேர் சாட்சி சொல்லும்போது தயங்கியிருக்கிறார்கள்! தமிழ்க் கவிஞருக்கு அதில் வெட்கமே இல்லை. ஒன்றும் தோன்றாத நேரத்தில் நிலவைத் திட்டு, தென்றலைத் திட்டு, தோழியிடம் புலம்பு, ஆனால் வாசலை விட்டுப் போகாதே என்கிறார்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். “உன்னதப்பாட்டுல மட்டும் என்ன இருக்காம்? அவ கதவைத் திறக்கப் போறா, அவரு போயிட்டாரு. அந்தப் புள்ள ராத்திரில ஊரெல்லாம் தேடுதா” என்றார். வேதத்தில் காதல் பாட்டாகவே அமைந்த புத்தகம் உன்னதப்பாட்டு, அதன் ஐந்தாம் அதிகாரம். நாற்பது வருஷமாக வேதம் வாசிக்கிறவரிடம் புதிதாக ஏதும் சொல்ல நினைத்தால் இப்படித்தான்.

புதன், தண்ணீர்ப்பள்ளி

திருச்சி வந்து கரூர் பஸ் பிடித்து, குளித்தலையை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளியில் இறங்கினோம். காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற சச்சிதானந்த ஆசிரமம். முன்பே எழுதிக் கேட்டிருந்தோம், அறை கொடுத்தார்கள். கட்டில், கொசுவலை, ஒரு மேஜை. போதும்.

நுழைந்ததும் அத்தைக்குச் சந்தேகம். கோபுரம் இருக்கிறது. கோபுரத்தில் மூன்று முகம் கொண்ட உருவம், அது திரித்துவம். உள்ளே தூண் வைத்த திறந்த மண்டபம், அதற்கப்பால் இருட்டான கருவறையில் விளக்கு. “ஏல, இது நம்ம கோயில்தானா?” என்று காதில் கேட்டார். கத்தோலிக்கத் துறவிகளுடையது என்றேன். “ரெண்டுக்கும் நடுவுல” என்று முணுமுணுத்துக்கொண்டார்.

1950இல் பிரான்ஸ் நாட்டுக் குருமார் இருவர் இதைத் தொடங்கினார்கள். ஒருவர் மொன்சானின், குளித்தலையில் பங்குக் குருவாக இருந்தவர். மற்றவர் ஹென்றி லெ சோ, பிறகு அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். காவி கட்டி, மாந்தோப்பில் குடிசை போட்டு, சைவ உணவு சாப்பிட்டு, தரையில் படுத்தார்கள். கடவுளைத் தேடும் இந்திய வழியிலேயே கிறிஸ்துவை நேசிப்பது அவர்கள் எண்ணம். யாராவது வந்து சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள். 1957இல் மொன்சானின் இறக்கும் வரை நிலைத்துத் தங்கிய சீடர் என்று ஒருவரும் இல்லை. ஏழு வருஷம், இரண்டு பேர், ஒரு நாளைக்கு இத்தனை வேளை ஜெபம் என்று விடாமல் நடத்தியிருக்கிறார்கள். 1968இல் அபிஷிக்தானந்தர் இமயமலைப் பக்கம் போய்விட, கேரளத்தின் குரிசுமலையிலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். அவர் காலத்தில்தான் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1993இல் இறந்த அவருடைய சமாதி இங்கேதான்.

மாலை ஜெபத்துக்குப் போனோம். தமிழ்ப் பக்திப் பாடல்கள், வேதத்துத் துதிப்பாட்டுகளான சங்கீதங்கள், வாசிப்பு, தீபாராதனை. முடிவில் தட்டில் விபூதி வந்தது. நான் இட்டுக்கொண்டேன். அத்தை தட்டையும் என்னையும் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அறைக்கு வரும் வழியில், “சாம்பல் புதன் அன்னைக்குப் பூசுவாங்கன்னு தெரியும். எல்லா நாளும் சாம்பல் புதனா இருந்தா எப்படி?” என்றார். அவருடைய தாத்தா விட்டுவிட்டு வந்த அடையாளங்கள் இவை. அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கும் புரிகிறது. இந்த ஆசிரமத்தின் வழிமுறையை எதிர்த்து எழுதியவர்கள் கிறிஸ்தவர்களிலும் உண்டு, இந்துக்களிலும் உண்டு.

வியாழன், தண்ணீர்ப்பள்ளி

இருட்டோடே மணி அடித்தது. சூரியன் உதிக்கும் முன் ஒரு மணி நேரம், மறையும் நேரத்தில் ஒரு மணி நேரம் மௌன தியானம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நான் ஆற்றுக்குப் போனேன். காவிரியில் மணல்தான் அதிகம், நடுவில் ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர். உட்கார்ந்ததும் ஆபீஸ் ஞாபகம், தவணை ஞாபகம், கால் மரத்துப்போனது, ஒரு எறும்பு. மணி பார்த்தால் பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

காலை ஜெபத்தில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. இது அன்றாட முறை. திருப்பலியில் காணிக்கை வைக்கும்போது தட்டைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைக்கிறார்கள். அத்தை இன்று சந்தனம் வாங்கிக்கொண்டார். “மணக்குது, குளிர்ச்சி” என்பது காரணம். நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். சபை முறை வேறு. அதில் அத்தை கறார்.

காலை உணவுக்குப் பிறகு விருந்தினர் எல்லோரும் காய் நறுக்க வேண்டும். நீளமாக உட்கார்ந்து, கத்தியும் பலகையும் வைத்துக்கொண்டு கொத்தவரங்காய் நறுக்கினோம். அத்தைக்கு அரிவாள்மணைதான் பழக்கம், கத்தியைப் பார்த்து முகம் சுளித்தாலும் வேகத்தில் எல்லோரையும் தோற்கடித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஜெர்மானியப் பெண்ணுக்கு நார் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார், இருவருக்கும் பொதுமொழி ஏதுமில்லாமலே.

நறுக்கி முடித்ததும் அங்கிருந்த துறவி ஒருவரிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றுமே நடக்கவில்லை, மனசு ஊர் சுற்றுகிறது என்று.

“ஊர்ல அம்மாகிட்ட போன்ல பேசுவீங்களா?”

“தினமும்.”

“என்ன பேசுவீங்க?”

“சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா, அவ்வளவுதான்.”

“அதுல புதுசா ஏதாவது இருக்கா?”

இல்லை என்றேன். “ஒரு வாரம் பேசலைன்னா?” என்றார். பதில் தேவைப்படவில்லை. அவரும் அதற்கு மேல் விளக்கவில்லை, தொலிக் கூடையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கு வைக்கப் போய்விட்டார்.

வழிமுறை என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று. சின்ன ஜெபம் ஒன்றை மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பது. “ஆண்டவராகிய இயேசுவே, என்மேல் இரங்கும்.” கீழைத் திருச்சபைத் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் ஜெபம் இது. பீட் கிரிபித்ஸும் இதைத்தான் சொல்லிவந்தார். லூக்கா 18இல் வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துச் சொன்னதன் நிழல் இதில் இருக்கிறது. மனசு ஓடினால் அதோடு சண்டை போடாமல் வார்த்தைக்குத் திரும்பி வந்தால் போதும். நாமஜபம் என்றால் இந்த மண்ணில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் ஆற்றங்கரையில் மறுபடி உட்கார்ந்தேன். மனசு ஓடத்தான் செய்தது. ஆனால் இந்த முறை மணி பார்க்கவில்லை.

வெள்ளி, தண்ணீர்ப்பள்ளி

வட்டமான தியான மண்டபத்தில் நாலு திசையும் பார்த்துப் பத்மாசனத்தில் அமர்ந்த கிறிஸ்து உருவம் இருக்கிறது. தரையில் உட்கார அத்தையின் முட்டி இடம் கொடுக்காது, பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். அங்கே யோவான் 21ஐ மெதுவாக வாசித்தோம். வேகமாக வாசித்தால் ஒரே நிமிடத்தில் முடிகிற பகுதி. விடிகாலை, கடற்கரை, கரிநெருப்பு, மீன், அப்பம். அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடர் பேதுருவிடம் இயேசு மூன்று தரம் கேட்கிறார், நீ என்னை நேசிக்கிறாயா என்று. அதற்கு முன் அவர் சொன்னது “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்பது. சாப்பிட்ட பிறகுதான் கேள்வி வருகிறது. பேதுருவை வெறும் வயிற்றோடு விசாரிக்கவில்லை.

இத்தனை வருஷம் இதைக் குற்றவாளிக் கூண்டுக் காட்சியாகவே வாசித்திருக்கிறேன். பிரசங்கங்களும் அப்படித்தான் இருந்தன. “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்” என்று இதே யோவானின் முதல் நிருபத்தில் வருகிறது. முதலில் சமைத்து வைத்தவர் அவர் என்று தெரிந்துவிட்டால், உறவை நாம் கட்டி எழுப்ப வேண்டும் என்ற மலைப்புப் பாதி குறைகிறது. போய் உட்கார வேண்டியதுதான் நம் வேலை. ஆனால் போக வேண்டும், தினமும்.

நண்பகல் ஜெபத்தில் குங்குமத் தட்டு வந்தபோது அத்தை தலையை மட்டும் தாழ்த்தி வணங்கிவிட்டு அனுப்பினார். ராத்திரி, “இங்க ஒரு காரியம் எனக்குப் பிடிச்சிருக்கு. யாரும் ஜெபத்துல கத்தல” என்றார்.

சனி, பாளையங்கோட்டை

நாள் முழுக்கப் பயணம். ரயிலில் கூட்டம், முன்பதிவுப் பெட்டியிலும் நிற்க இடமில்லை. அத்தை ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தார்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிக் கொஞ்சம். 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, கம்பனிலேயே ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலேய எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம், பத்திரிகையில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் புத்தகமாயிற்று. திருமால் மேல் ஆழ்வார்கள் வைத்த உருக்கத்தையும் கம்பனின் நடையையும் அப்படியே கிறிஸ்துவிடம் கொண்டுவந்தவர். முந்திய அன்பை அவர் தூக்கி எறியவில்லை, ஆளை மாற்றினார். சாந்திவனத்துப் பிரெஞ்சுக்காரர்கள் காவி கட்டித் தேடியதை இவர் வேட்டியோடு இங்கேயே செய்து முடித்திருந்தார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு, பாளையங்கோட்டை

ஊசிக்கோபுரத்தில் ஆராதனை. 1826இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் கட்டிய ஆலயம். அத்தைக்கு அங்கே நிரந்தர இடம் உண்டு, இடது பக்கம் ஐந்தாவது பெஞ்சு. அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் ஆராதனை முழுக்க நிம்மதியில்லை. மத்தியானம் ஆட்டுக்கறி. அதோடு நாள் முடிந்தது.

திங்கள், டோனாவூர்

அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். மலையடிவாரம், வேப்பமரங்கள், சிவப்பு ஓடு. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1901 முதல் இங்கே இருந்து, கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட இருந்த பெண்குழந்தைகளை வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, அப்புறம் உடம்பு முழுக்கத் தேறவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரே அறையில் பெரும்பாலும் படுக்கையிலேயே. அங்கிருந்துதான் பல புத்தகங்களையும் கவிதைகளையும் எழுதினார்.

ஓடியாடி ஊழியம் செய்பவருக்குத்தான் ஆண்டவரோடு உறவு சுலபம் என்று நினைப்போம். ஊழியம் கையைவிட்டுப் போனபிறகு என்ன மிச்சம் என்று பார்த்தால்தான் அது வேலையா உறவா என்று தெரியும். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்தாராம். பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். அத்தை தன் பாட்டில் போய்த் தொட்டியில் விழுந்திருந்த வேப்பஞ்சருகை அள்ளி எறிந்தார்.

செவ்வாய், பாளையங்கோட்டை

இன்றைக்கு ராத்திரி எனக்கு ரயில். விடியற்காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது, ஆசிரம மணியின் பழக்கம். அடுப்படிப் பக்கம் பேச்சுக்குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து போனேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்து, முக்காடு போட்டு, மடியில் வேதத்தை விரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“... இந்தக் கரண்டு பில்லைப் பாத்தீரா ஆண்டவரே, வீட்டுல ஆளே இல்ல, ஒரு வாரமாப் பூட்டிக் கிடக்கு, அதுக்கு இவ்வளவா? சரி, அதை விடும். எதிர்வீட்டுப் புள்ளைக்கு இன்னைக்குப் பரிசோதனை, நீர் கூட இரும். அந்த ஆத்தங்கரை ஊர்ல உம்மைப் புதுமாதிரியாக் கும்பிட்டாங்க, நான் சந்தனம் மட்டும் வாங்கிக்கிட்டேன், அதுல தப்பிருந்தாச் சொல்லும். அங்க மணல்ல உக்காந்தப்ப உம்ம நெனப்பாவே இருந்திச்சு. முட்டி பரவாயில்ல. அந்தச் சங்கீதம் எங்க விட்டேன், ஆங், அறுபத்திமூணு ...”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசிக்க ஆரம்பித்தார். “தேவனே, நீர் என்னுடைய தேவன், அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்.” தரை சில்லென்று இருந்தது, நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சங்கீதம் முடிந்து, ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரும் வந்தது. என் மனைவி, பையன், கறிவேப்பிலை கொடுக்கிற அம்மா, தஞ்சாவூரில் துடைப்பத்தை வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்ட மனிதர். கடைசியாக என் பெயர் வந்தது. எனக்காக என்ன கேட்டார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

எழுந்து திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏல, ஒட்டுக் கேட்டியா?”

“இல்ல அத்தை, இப்பத்தான் வந்தேன்.”

“பொய் சொல்லாத, அதுவும் இந்நேரத்துல. வந்தவன் உள்ள வந்து உக்காந்திருக்க வேண்டியதுதான? அந்த மனையை இழுத்துப் போடு. நூத்தி மூணாம் சங்கீதம் எடு, நீ வாசி, நான் மாவைக் கரைக்கேன்.”